சொல்லை எடுத்தார், பொருளை விடுத்தார்: ஒரு கொரியப் படமும் அதன் இந்தி வடிவமும்

அரபிக் கல்லூரிகளின் மேல் வகுப்புகளில் ஓதப்படும் ‘முக்தஸருல் மஆனீ’ நூலின் இறுதிப் பகுதியை எட்டும்போது மாணவர்களிடையே ஒரு புத்துணர்வு தோன்றுவதை ஆண்டுதோறும் நாம் கண்டுவருகிறோம். அணியிலக்கண நுட்பங்களில் களைத்துப் போயிருந்தவர்கள், ‘ஸரிகா’ எனப்படும் கவிதைத் திருட்டைப் பற்றிய பாடம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். திருட்டு என்னும் சொல்லுக்கே அப்படியொரு ஈர்ப்பு இருக்கிறது போலும்.

ஒருமுறை அப்பாடத்தின் நடுவே சாத்தூர் மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், கவிதைக்குச் சொன்ன இந்த விதி சினிமாவுக்கும் பொருந்துமா?” என்று கேட்டார். இந்தியில் ஒன்றும் கொரிய மொழியில் ஒன்றுமாக இரண்டு படங்களைக் கைபேசியில் பார்த்ததாகவும், கதை ஒன்றாகவே இருந்தும் இந்திப் படம் மனத்தில் தங்கவில்லை என்றும் தயங்கித் தயங்கிக் கூறினார். அவருடைய அத்தா சிவகாசி அச்சகம் ஒன்றில் பணிபுரிபவர். அதனால் உவமையும் அங்கிருந்தே வந்தது. “படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய தீப்பெட்டி லேபிள் மாதிரி இருக்கிறது ஹஜ்ரத்” என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி.

அவர் குறிப்பிட்டவை, பார்க் சான்-வூக் இயக்கி 2003இல் வெளிவந்த ‘ஓல்ட்பாய்’ என்னும் கொரியப் படமும், ஸஞ்சய் குப்தா இயக்கி 2006 ஜனவரியில் வெளிவந்த ‘ஜிந்தா’ என்னும் இந்திப் படமும் ஆகும். நாம் அவ்விரண்டையும் பார்த்தோம். இவற்றைப் பார்க்குமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டிலும் வன்முறை மிகுதி. கொரியப் படத்தில் ஒழுக்கமுடையோர் கண்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய காட்சிகளும் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் பார்க்கும் ஒன்றைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்கள் ஒன்றும் அறியாதிருப்பது பேணுதல் ஆகிவிடாது. அவர்களின் வினாவுக்கு விடை தேடுவது ஆசிரியர் கடமை.

அரபுத் திறனாய்வு தரும் அளவுகோல்

இரு படைப்புகளை ஒப்பிடுவது அரபு இலக்கியத்தில் ஒரு தனிக் கலை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அல்ஆமிதீ எழுதிய ‘அல்முவாஸனா’, அபூதம்மாம், புஹ்துரீ என்னும் இரு பெருங்கவிஞர்களைத் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுத்துப் பார்த்த நூல். ஒருவரை வானளாவப் புகழ்ந்து மற்றவரை வீழ்த்துவது அவர் வழியன்று. ஒத்த பொருளில் இருவரும் பாடியவற்றை அருகருகே வைத்து, இவ்விடத்தில் இவர் சிறந்தார், அவ்விடத்தில் அவர் சிறந்தார் என்று காட்டி, முடிவான தீர்ப்பை வாசகனிடம் விட்டுவிடுவது அவர் மேற்கொண்ட முறை. மக்கள் எல்லோருக்கும் பொதுவான கருத்துகளில் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதும் அவர் நிலைபாடு. வீரனைச் சிங்கத்துக்கும் கொடையாளியைக் கடலுக்கும் ஒப்பிடுவது எவருடைய தனிச் சொத்துமன்று.

பின்வந்த அல்கதீப் அல்கஸ்வீனீ (மறைவு ஹிஜ்ரி 739) தம் ‘தல்கீஸ்’ நூலின் முடிவுரையில் இதனை வகைப்படுத்தித் தந்தார். அதற்கு அல்லாமா தஃப்தாஸானீ (மறைவு ஹிஜ்ரி 792) எழுதிய விரிவுரைதான் நாம் மேலே குறிப்பிட்ட ‘முக்தஸர்’. அவ்வகைப்பாட்டைச் சுருக்கமாகத் தருகிறோம். சொல்லையும் பொருளையும் மாற்றமின்றி அப்படியே எடுத்துக்கொள்வது ‘நஸ்க்’. இது கலப்பற்ற திருட்டு, இழிவானது. சொல்லமைப்பைச் சற்று மாற்றியோ, சொற்களில் சிலவற்றை மட்டுமோ எடுத்துக்கொள்வது ‘மஸ்க்’. உருத்திரிபு என்பது இச்சொல்லின் பொருள். இவ்வகையில் பின்னவர் முன்னவரை விஞ்சினால் புகழுக்குரியவர், தாழ்ந்தால் பழிக்குரியவர். சமமாக நின்றால் பழி குறைவு, ஆனால் சிறப்பு முன்னவருக்கே. சொல்லை விட்டுப் பொருளை மட்டும் எடுத்துப் புதிய ஆடை அணிவிப்பது ‘ஸல்க்’. இவற்றுக்கு அப்பால், பிறர் கவிதையைத் தம் கவிதைக்குள் வெளிப்படையாகவே எடுத்தாள்வது ‘தள்மீன்’. எடுத்தாண்ட வரி பரவலாக அறியப்படாததாயின், அது பிறருடையது என்று அறிவித்தாக வேண்டும் என்பது இதன் நிபந்தனை.

எடுப்பதே குற்றம் என்று நம் முன்னோர் கருதவில்லை என்பதை வாசகர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். எதை எடுத்தார், எடுத்ததை என்ன செய்தார், சொல்லிவிட்டு எடுத்தாரா என்னும் மூன்று வினாக்களையே அவர்கள் எழுப்பினர்.

இரு படங்களும் ஒன்றுபடும் இடம்

‘ஓல்ட்பாய்’ படமே ஒரு தழுவல்தான். கரோன் சுசியா எழுத, நொபுவாக்கி மினெகிஷி வரைந்து, 1996 முதல் 1998 வரை ஜப்பானில் தொடராக வெளிவந்த சித்திரக் கதை அதன் மூலம். கொரியர் அதனை அறிவித்தே எடுத்தாண்டனர். ஒருவனைக் காரணம் கூறாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்துப் பின்னர் விடுவித்தல் என்னும் கருவை அதிலிருந்து பெற்ற இயக்குநர், அடைத்ததற்கான காரணத்தைத் தாமே புதிதாக அமைத்தார். அக்காரணமே படத்தின் உயிர். கஸ்வீனீ கூறும் ‘விஞ்சிய பின்னவர்’ என்பதற்கு இதனை எடுத்துக்காட்டலாம். 2004ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் இப்படம் கிராண்ட் பிரீ விருது பெற்றது. அவ்வாண்டு நடுவர் குழுத் தலைவர் குவெண்டின் டரன்டினோ. அவருடைய ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ (1992) படத்தோடு மிக நெருங்கிய ஒப்புமை கொண்ட ‘காண்ட்டே’யை 2002இல் இந்தியில் எடுத்தவரும் இதே ஸஞ்சய் குப்தாதான்.

கொரியப் படத்தின் நாயகன் ஓ தே-சு. குடித்துவிட்டு வாய் ஓயாமல் பேசும் சாதாரண மனிதன். ஒருநாள் கடத்தப்பட்டு, விடுதி அறை போன்ற ஒரு தனிச்சிறையில் 15 ஆண்டுகள் அடைக்கப்படுகிறான். யார் அடைத்தார், ஏன் அடைத்தார் என்பது தெரியாது. தொலைக்காட்சி ஒன்றே துணை, வறுத்த கொழுக்கட்டையே நாள்தோறும் உணவு. தான் யார் யாருக்குத் தீங்கிழைத்திருக்கக்கூடும் என்று நினைவு கூர்ந்து ஏடு ஏடாக எழுதிக் குவிக்கிறான். பின்னர் திடீரென விடுவிக்கப்படுகிறான். கொழுக்கட்டையின் சுவையை வைத்தே சிறையைக் கண்டுபிடிக்கிறான். குறுகிய நடைவழியில் ஒரு சுத்தியலுடன் பலரை எதிர்த்துப் போராடுகிறான்.

இந்தியில் நாயகன் பாலஜித் ராய் (ஸஞ்சய் தத்). இடம் பாங்காக். 15 ஆண்டுகள் 14 ஆகின்றன. தொலைக்காட்சி, மாறாத ஒரே உணவு, அவ்வுணவை வைத்துச் சிறையைத் தேடல், உதவிக்கு வரும் இளம்பெண், சுத்தியலால் பல்லைப் பிடுங்கும் வதை, நடைவழிச் சண்டை, அதிகமாகப் பேசியதற்காகவே அடைக்கப்பட்டாய் என்னும் குறிப்பு, பழைய பள்ளித் தோழனே பகைவன் என்னும் வெளிப்பாடு என அனைத்தும் வரிசை மாறாமல் வருகின்றன. படம் வெளிவரும் முன்னரே இவ்வொப்புமை செய்தியாயிற்று. கொரியத் தயாரிப்பு நிறுவனம் சட்ட நடவடிக்கை குறித்து ஆராய்வதாகவும் அப்போது செய்திகள் வெளிவந்தன. முறைப்படி உரிமை பெற்ற ஹாலிவுட் வடிவத்தை ஸ்பைக் லீ 2013இல்தான் எடுத்தார்.

சொல் என்னும் தட்டில் வைத்தால் இது நஸ்க் என்பதில் ஐயமில்லை. நம் மாணவரின் லேபிள் உவமை இவ்வளவில் பொருத்தமானதே.

இரு படங்களும் வேறுபடும் இடம்

ஆனால் நம் சிந்தனையை ஈர்த்தது ஒன்றுபடும் இடமன்று, வேறுபடும் இடமே.

கொரியப் படத்தில் ஓ தே-சு இழைத்த குற்றம் யாது? பள்ளி நாளில் தன்னோடு பயின்ற லீ வூ-ஜின்னும் அவனுடைய உடன்பிறந்தவளும் மஹ்ரம் உறவின் வரம்பை மீறியதை அவன் தற்செயலாகக் கண்டுவிட்டான். கண்டதை ஒரே ஒரு நண்பனிடம் கூறினான். மறுநாள் அவன் ஊரை விட்டு ஸியோலுக்குச் சென்றுவிட்டான். சொல் அங்கேயே தங்கி வளர்ந்தது. அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்பது வரை பேச்சு பெருகியது. அவள் அணையில் விழுந்து மாண்டாள். அவனுக்கோ, தான் அப்படியொன்றைச் சொன்னதே நினைவில் இல்லை. 15 ஆண்டுகள் எழுதிக் குவித்த குற்றப்பட்டியலில் இந்தக் குற்றம் இடம்பெறவேயில்லை.

இந்தியில் இக்காரணம் மாற்றப்பட்டுவிட்டது. பாலஜித், தன் தோழன் ரோஹித்தின் (ஜான் ஆபிரஹாம்) அக்காளை விரும்பினான். அவள் மறுத்தாள். ஆத்திரத்தில் அவள் நடத்தையைப் பற்றி ஒரு பொய்யைப் பரப்பினான். அவள் தீயிட்டுக்கொண்டு இறந்தாள்.

தகாத உறவு என்னும் கருவை இந்தி இயக்குநர் விலக்கியதை நாம் குறை கூற மாட்டோம். வெட்கம் என்னும் பண்பைப் பேணும் எந்தச் சமூகமும் அக்கருவைத் திரையில் காணத் தயங்கும். கொரியப் படத்தில் பகைவனின் பழிவாங்கலும் அதே வரம்புமீறலை ஓ தே-சுவின் வாழ்வில், அவன் அறியாமலே நிகழச் செய்வதாக அமைந்துள்ளது. அதனை விலக்கியது பண்பாட்டுத் தேவை என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அதை விலக்கியதற்காக உண்மையைப் பொய்யாக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஒரு பெண்ணின் வாழ்வில் மறைத்துவைக்க வேண்டிய உண்மைகள் வேறு எத்தனையோ இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றை அவன் கண்டு, கூறியிருக்கலாம். கதை சற்றும் குலைந்திருக்காது.

இந்த ஒரு மாற்றத்தால் இழந்தது எவ்வளவு என்பதை நம் வாசகர்கள் எளிதில் உணர்வர். கீபத் எனப்படும் புறம் என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய நபிமொழி, ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் வாயிலாகப் பதிவாகியுள்ளது. சகோதரர் வெறுக்கும் ஒன்றை அவர் இல்லாதபோது பேசுவதே புறம் என்றார்கள். பேசப்பட்டது அவரிடம் உண்மையிலேயே இருந்தாலுமா என்று வினவப்பட்டபோது, இருந்தால்தான் அது புறம், இல்லையெனில் அது புஹ்தான், அதாவது அவதூறு என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் இறந்த சகோதரனின் மாமிசத்தை உவமை காட்டி எச்சரிப்பது உண்மையையே பேசுபவனைத்தான். ஆக, கொரியப் படத்தின் நாயகன் செய்தது கீபத். இந்திப் படத்தின் நாயகன் செய்தது புஹ்தான்.

அவதூறு தீது என்பதை அறியாதவர் உலகில் இல்லை. அதனைத் திரையில் காணும் பார்வையாளர், “நான் யார்மீதும் பொய் சொன்னதில்லை” என்று ஆறுதலுடன் எழுந்து போய்விடலாம். உண்மையைப் பேசியவன் ஒருவனைக் கொன்றான் என்று காட்டும்போதோ எவருக்கும் அந்த ஆறுதல் கிட்டாது. “நடந்ததைத்தானே சொன்னேன்” என்பதுதான் உலகில் மிகுதியாகக் கேட்கப்படும் சமாதானம். கொரியப் படம் அந்தச் சமாதானத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்திப் படம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

முடிவும் இதற்கேற்பவே மாறிவிட்டது. கொரியப் படத்தில் ஓ தே-சு பகைவனின் காலில் விழுந்து மன்றாடி, தன் நாவைத் தானே அறுத்துக்கொள்கிறான். உடலைச் சிதைத்துக்கொள்வதை நம் மார்க்கம் ஒருபோதும் அனுமதிக்காது. தவ்பாவின் வாயில் திறந்திருக்கும் மனிதனுக்கு அதற்குத் தேவையுமில்லை. அந்த வாயிலை அறியாத மனிதன் எங்குச் சென்று முட்டி நிற்பான் என்பதற்கு அக்காட்சி சான்று. ஆயினும் தன் குற்றத்தின் உறுப்பு எது என்பதை அவன் கண்டுகொண்டான். பழிவாங்கியவனையும் படம் விடுவிக்கவில்லை. தன் பாவத்தின் சுமையையெல்லாம் பிறர் நாவின்மீது ஏற்றிவைத்து வாழ்ந்தவன், பழி தீர்ந்ததும் வாழக் காரணமின்றித் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். இந்திப் படத்திலோ பகைவன் வீழ்த்தப்படுகிறான், நாயகன் தன் மகளைச் சென்றடைகிறான். குற்றம் செய்தவனே வெற்றிவீரனாகித் திரையை விட்டு நீங்குகிறான். நாவு எங்கோ மறைந்துவிட்டது, சுத்தியல் மட்டும் எஞ்சி நிற்கிறது.

சொல்லில் நஸ்க், பொருளில் மஸ்க், அதுவும் தாழ்ந்த மஸ்க் என்பதே நம் கணிப்பு.

நாம் கூறிய ஓர் உண்மை

இவ்வளவையும் எழுதும் நாம் தராசைப் பிறருக்கு மட்டும் பிடித்துவிட்டு எழுந்துவிட இயலாது.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், ஓரிரவு தஹஜ்ஜுதுக்கு முன் ஒளுச் செய்யச் சென்றபோது, உடன் ஓதிய ஒருவர் சுவரேறிக் குதித்து உள்ளே வந்ததைக் கண்டோம். இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு நடந்தே திரும்பியிருந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நம் கையைப் பிடித்துக்கொண்டார். நாம் ஒரே ஒருவரிடம்தான் கூறினோம், அதுவும் வேடிக்கையாகத்தான். மூன்றாம் நாள் அது உஸ்தாதின் செவிக்கு எட்டியது. அவ்வாரமே அவர் ஊருக்கு அனுப்பப்பட்டார். நம்மைவிட நன்றாக ஓதக்கூடியவர். அதன்பின் அவர் எங்கும் சேர்ந்து ஓதவில்லை, தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதச் சென்றுவிட்டதாக அறிந்தோம். பல ஆண்டுகள் கழித்துச் சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டோம். அவரே முந்திக்கொண்டு ஸலாம் கூறினார், நலம் விசாரித்தார். நாம் பதில் கூறினோம். கூற வேண்டிய வேறொன்றை மட்டும் கூறவில்லை. இன்று அவர் இல்லை.

நாம் கூறியது பொய்யன்று. புறம் பேசப்பட்டவரின் செவிக்கு அது எட்டியிருந்தால் அவரிடமே மன்னிப்புக் கோர வேண்டும் என்று உலமாக்கள் எழுதியிருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறோம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நாவின் கேடுகள் இருபதை விரித்துரைத்த பகுதியையும் ஓதிக் கொடுக்கிறோம். அநீதிக்கு எதிராக முறையிடுதல், தீங்கினின்று பிறரை எச்சரித்தல், ஃபத்வா கேட்டல் போன்ற தேவைகளுக்காகப் பேசுவது குற்றமாகாது என்றும் அவர்கள் கூறியுள்ளார்கள். எனவே பாதிக்கப்பட்டவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நாம் அன்று கூறியது அந்த விதிவிலக்குகளில் எதிலும் அடங்காது. ஓ தே-சு கூறியதும் அடங்காது. அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு அந்தச் சுவரும் அந்தக் கையும் நினைவுக்கு வந்தன. ‘ஜிந்தா’வைப் பார்த்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரு படங்களின் வேறுபாட்டுக்கு இதைவிட வேறு சான்று நம்மிடமில்லை.

சட்டமும் அறமும்

சட்டத்தின் பார்வையையும் சுருக்கமாகக் காண்போம். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் தம் நாடகத்தைத் தழுவியே ‘நியூ டெல்லி’ (1956) படம் எடுக்கப்பட்டது என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடர்ந்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, கருத்து வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்பதும், இரண்டையும் கண்ட ஒருவருக்குப் பின்னது முன்னதன் படியே என்னும் ஐயமற்ற எண்ணம் எழுகிறதா என்பதே சோதனை என்பதும் அதன் சாரம். வழக்கில் ஆனந்த் தோற்றார். அரபு அறிஞர்கள் லஃப்ள், மஃனா என்று பிரித்துப் பேசியதற்கு இப்பாகுபாடு மிக அண்மையில் நிற்பதைக் காணலாம்.

பொதுக் கருத்தில் திருட்டில்லை என்னும் ஆமிதீயின் விதியும் இன்றும் தேவைப்படுகிறது. 2020இல் ‘பாரசைட்’ என்னும் கொரியப் படம் ஆஸ்கர் விருது பெற்றபோது, அது 1999இல் வந்த ‘மின்சார கண்ணா’ என்னும் தமிழ்ப் படத்தின் கதை என்று தயாரிப்பாளர் ஒருவர் உரிமை கோரினார். ஒரு குடும்பத்தார் தம் உறவை மறைத்துச் செல்வர் வீட்டில் வேலைக்குச் சேர்வது என்னும் அளவில் ஒப்புமை உண்டு. அதற்கு மேல் அவ்விரு படங்களும் வெவ்வேறு திசையில் செல்கின்றன.

இந்தித் திரையுலகம் பின்னர் மாறவே இல்லை என்றும் கூற இயலாது. 2016இல் வந்த ‘தீன்’, ‘மாண்டாஜ்’ (2013) என்னும் கொரியப் படத்தின் முறைப்படியான மறுஆக்கம். கதையைக் கொல்கத்தாவுக்குக் கொணர்ந்து, பேத்தியை இழந்த ஒரு முதியவரை நடுவில் நிறுத்தி அதனைத் தனதாக்கிக்கொண்டது. இதுவே தள்மீன். அதற்கு முன்பே, 2007இல் வந்த ‘அவாரபன்’, ‘எ பிட்டர்ஸ்வீட் லைஃப்’ (2005) என்னும் கொரியப் படத்தின் எலும்புக்கூட்டைக் கொண்டிருந்தும், இறைநம்பிக்கையற்ற ஓர் அடியாள் தொழுகையாளியான ஒரு பெண்ணைக் கண்டு மனம் மாறுவதாகப் புதிய பொருள் ஒன்றை உட்செலுத்தியது. எடுத்ததை அறிவிக்காத குறை அதற்குண்டு. ஆனால் அது வெறுமையாக நிற்கவில்லை.

மாணவரின் வினாவுக்கு நாம் அளித்த விடையையும் இங்குப் பதிவு செய்கிறோம். விதி பொருந்தும், பொருத்திப் பார் என்றோம். அத்தோடு இன்னொன்றும் கூறினோம். பட்டாசு ஆலையின் கலவை அறைக்குள் இரும்புக் கருவியைக் கொண்டு செல்லலாகாது என்பது இவ்வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. இரும்பு பொய்யான பொருளன்று, ஆனால் அங்கு அதற்கு இடமில்லை. உண்மையும் சில இடங்களில் அத்தகையதே. கைபேசியில் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், இது உண்மையா என்று கேட்பது பாதிக் கேள்விதான்.

மாணவர் தலையசைத்துவிட்டு, “அப்படியானால் அந்தக் கொரியப் படம் நல்ல படமா ஹஜ்ரத்?” என்று மீண்டும் கேட்டார். ஆமிதீயின் வழியில், அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம்.